ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஓர் அனுமதி

அந்தக் கறுப்புப் பெட்டி மிஷினா, மென்பொருளா என்பது நான்கு மாதமாக எந்த ஆபீஸுக்கும் தெரியவில்லை. அதைச் செய்த ஜோதிகாவுக்கே இப்போதெல்லாம் சந்தேகம் வந்துவிட்டது.

பெட்டி ஒரு செங்கல் அளவுதான் இருக்கும். முன்பக்கம் கேமரா, பின்பக்கம் ஒரு வயர், உச்சியில் ஒரு விளக்கு. தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸின் தலையில் அதை மாட்டிவிட்டால், மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே மனிதக் கை இருக்கும்வரை விளக்கு சிவப்பாக எரியும், காலால் மிதிக்கிற பெடல் பூட்டிக்கொள்ளும். கையை எடுத்தால் விளக்கு பச்சையாகும், மிதித்தால் பெடல் இறங்கும், பிரஸ்ஸும் இறங்கும். சமாச்சாரம் அவ்வளவுதான். ஜோதிகாவும் அவளோடு கல்லூரியில் படித்த வெற்றிச்செல்வனும் சேர்ந்து அதற்கு 'நில்லு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் தகரக்கூரை அறை, இரண்டு நாற்காலி, ஒரு லேப்டாப், நின்று நின்று சுற்றும் ஒரு மின்விசிறி. ஸ்டார்ட்அப் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கண்ணாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்துகொண்டார்கள். ஜோதிகாவும் அதைத் திருத்தப் போகவில்லை.

அவள் இரண்டாம் வகுப்பு படித்தபோது அவளுடைய நைனா வீராசாமியின் வலது கையில் மூன்று விரல்கள் அப்படி ஒரு பிரஸ்ஸில்தான் போயின. அதனால்தான் இந்தப் பெட்டி. அதை அவள் எந்த விண்ணப்பத்திலும் எழுதியதில்லை. வீட்டிலும் அதைப் பற்றிப் பேசுகிற வழக்கம் கிடையாது. வீராசாமி வெளியே போனால் தோளில் ஒரு துண்டு இருக்கும், யாராவது எதிரே வந்தால் அது தோளிலிருந்து இறங்கி வலது கைமேல் விழுந்துவிடும். கல்யாண வீட்டுப் போட்டோக்களில் அவர் பின்வரிசையில் நிற்பார். சாப்பிடும்போது சுவர் பக்கம் திரும்பி உட்காருவார். அம்மா விஜியும் ஜோதிகாவும் அந்த நேரத்தில் டிவியைப் பார்ப்பார்கள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் அந்தக் கையைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். அதை மரியாதை என்று நினைத்தார்கள்.

வீராசாமி இன்னும் அதே தொழிற்பேட்டையில், அதே பட்டறையில்தான் வேலை பார்த்தார். முதலாளி உத்தமன் கெட்டவர் இல்லை. 'நில்லு'வை முதல்முறை காட்டியபோது கையைத் தட்டிச் சிரித்தார்.

"ஷோக்கா கீதும்மா. பதினோரு பிரஸ்ஸுக்கும் போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு, கவர்மெண்ட் பேப்பர் ஒண்ணு கொண்டா. நாளைக்கே இன்ஸ்பெக்ஷன் வந்து 'இன்னாய்யா இது, யாரக் கேட்டு மாட்டன'ன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? பட்டறைய பூட்டி சாவிய எடுத்துகினு போயிடுவான்."

"பேப்பர் வாங்கிடுவோம் சார்" என்றாள் ஜோதிகா, பேப்பர் என்பது ஏதோ பேப்பர்க் கடையில் கிடைப்பது போல.

நான்கு மாதம் கழித்து இப்போது உத்தமனுக்கு அவசரம் வந்துவிட்டது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் தடித்த தகடு வேலை ஒன்று தொடங்கப்போகிறது. ஒவ்வொரு தகடாகக் கையால் உள்ளே வைத்து, கையால் வெளியே எடுக்கவேண்டிய வேலை. அதற்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும். அனுபவமுள்ள ஆள் என்றால் வீராசாமிதான். அந்தச் செய்தியைக் கேட்ட அன்றிலிருந்து ஜோதிகாவின் காலண்டரில் ஒன்றாம் தேதி மட்டும்தான் இருந்தது. அதற்குள் பெட்டி அந்த பிரஸ்ஸின் தலையில் ஏறிவிட வேண்டும்.

ஆனால் பேப்பர் கொடுப்பது யார்? முதல் ஆபீஸில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளே கம்ப்யூட்டர் இருக்கே, இது எங்க சமாச்சாரம் இல்ல" என்றார்கள். கம்ப்யூட்டர் சமாச்சாரத்தைப் பார்க்கும் ஆபீஸுக்குப் போனால், "மிஷின்ல மாட்டுறதாச்சே, அப்ப இது மிஷின்தான்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஒருவர், கேமரா இருப்பதால் தொழிலாளர்களின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார். சம்மதக் கடிதத்துக்கு மாதிரிப் படிவம் கேட்டால், அப்படி ஒன்று இன்னும் வரவில்லை, வந்தால் இணையத்தில் போடுவோம் என்றார். இணையத்தில் விண்ணப்பிக்கப் போனால் அங்கே 'பொருளின் வகை' என்று ஒரு கட்டம் இருந்தது. உற்பத்தி, சேவை, மற்றவை. உற்பத்தியைத் தொட்டால் தொழிற்சாலை உரிமம் கேட்டது. சேவையைத் தொட்டால் எத்தனை கிளைகள் என்று கேட்டது. மற்றவையைத் தொட்டால் அது என்னவென்று ஐம்பது எழுத்துக்குள் சொல்லச் சொன்னது.

"ஐம்பது எழுத்துல நம்ம கம்பெனி பேரே அடங்காதே ஜோ" என்றான் வெற்றி.

யாரும் மோசமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு வந்திருக்கலாம். எல்லோரும் அன்பாக நாற்காலி போட்டு, "நல்ல முயற்சிம்மா" என்று சொல்லி, அடுத்த கட்டடத்துக்கு வழி காட்டினார்கள். ஜோதிகாவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

பதினொன்றாம் தேதி ஒரு கடிதம் வந்தது. பூந்தமல்லி சாலையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு வரச் சொல்லியிருந்தது. அங்கே போனால் சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை, நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கதவில் 'புதிய தொழில்நுட்பச் சோதனை அனுமதிப் பிரிவு' என்று காகிதத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஷோபனா என்ற அதிகாரி, நாற்பத்தைந்து வயது இருக்கும், அவர்களுடைய நான்கு மாதக் கடிதங்களையும் வரிசையாக அடுக்கிவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டிருக்கிறது கிடைக்காது" என்றார் எடுத்த எடுப்பில்.

ஜோதிகா பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள்.

"ஏன்னா நீங்க கேட்டிருக்கிற மாதிரி ஒரு அனுமதி எந்த விதியிலயும் இல்ல. இல்லாததை நான் எப்படிக் குடுக்க? ஆனா, இல்லாததை எப்படி மறுக்கிறதுன்னும் தெரியல."

"மேடம்," வெற்றி தலையைச் சொறிந்தான், "குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"ஒரு மிஷின். முப்பது நாள். நாங்களும் கூட நின்னு பார்ப்போம். என்னென்ன கோளாறு வருதுன்னு நீங்களும் எழுதணும், நாங்களும் எழுதுவோம். அதை வெச்சுத்தான் இதுக்கு விதியே எழுதப்போறோம்."

"மொதல்ல மிஷின் ஓடும், அப்பாலதான் விதி வருமா?" என்றான் வெற்றி.

"ஆமா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு மாதமாக எல்லோரும் முதலில் விதியைக் காட்டு, பிறகு மிஷினை ஓட்டு என்றார்கள். இந்த அம்மாள் தலைகீழாகச் சொல்கிறார். இது சரி என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று ஜோதிகாவுக்குப் பிடிபடவில்லை. சந்தோஷப்படலாமா என்று யாரையாவது கேட்க வேண்டும் போல இருந்தது.

"அதுக்கு முன்னாடி பதினெட்டாம் தேதி பட்டறைக்கு வந்து ஒரு தடவை பார்ப்பேன். மிஷின் ஆபீஸ்காரர் ஒருத்தர், கம்ப்யூட்டர் ஆபீஸ்காரர் ஒருத்தர், ரெண்டு பேரையும் கூட்டிட்டு வர்றேன். இது யாரோட சமாச்சாரம்னு அங்கயே நின்னு முடிவு பண்ணட்டும். இனிமே நீங்க கட்டடம் கட்டடமா ஏற வேணாம்." ஷோபனா பேனாவைத் திறந்தார். "சரி, இதுக்குக் கையை அடையாளம் தெரியுதே, எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

இது ஜோதிகாவுக்குப் பிடித்த கேள்வி. மடமடவென்று சொன்னாள். படங்களைக் காட்டிக் காட்டி, இது கை, இது தகடு என்று ஒவ்வொன்றாகப் பெயர் போட்டுப் பழக்கவேண்டும். ஒன்பதாயிரம் படம். நாற்பத்து மூன்று பேரின் கைகள். விடுதிப் பையன்கள், பெண்கள், கீழே லேத் பட்டறைக்காரர், தெருமுனையில் காய்கறி விற்கும் நாகம்மாள், அம்மா விஜியின் வளையல் கை. எண்ணெய் பூசி, கையுறை போட்டு, வெயிலில், இருட்டில், எல்லாம் எடுத்திருக்கிறோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்கிறது.

"அந்தப் பட்டறையில வேலை செய்றவங்க கை இதுல எத்தனை?"

"பேப்பர் இல்லாம உள்ள படம் எடுக்க முதலாளி விடல மேடம்."

"பேப்பர் இல்லாம படம் இல்ல. படம் இல்லாம பேப்பர் இல்ல" என்று ஷோபனா தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஆனா பரவாயில்ல மேடம். கையெல்லாம் ஒண்ணுதானே."

ஷோபனா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கோப்பில் என்னவோ எழுதினார். ஜோதிகா தலைகீழாகப் படிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது. உத்தமன் சும்மா இருப்பாரா? பட்டறையைக் கழுவிவிட்டு, ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, பெட்டிக்கு இரண்டு முழம் மல்லிகை சுற்றியிருந்தார். வேலையாட்கள் பதினான்கு பேரும் சோதனையைப் பார்க்க வரிசையாக நின்றார்கள். வீராசாமி கடைசியில், தூணை ஒட்டி, துண்டோடு.

ஷோபனா முதலில் பிரஸ்ஸின் மோட்டாரை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். பெடலும் விளக்கும் மட்டும் வேலை செய்தால் போதும், எந்தக் கைக்கும் ஆபத்து வரக்கூடாது என்றார். மிஷின் ஆபீஸ்காரர் பெடல் பக்கமும் கம்ப்யூட்டர் ஆபீஸ்காரர் லேப்டாப் பக்கமும் நின்றார்கள், வேறு வேறு கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல.

வெற்றி பெட்டியை உயிர்ப்பித்தான். அச்சுகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை, ஆனாலும் விளக்கு சிவப்பாக எரிந்தது. கையே இல்லாமல் கை என்கிறது. ஜோதிகா வயரைப் பிடுங்கி மாட்டினாள். லேப்டாப்பைத் தட்டினாள். மறுபடியும் சிவப்பு.

"பூவும்மா" என்றாள் வரிசையில் நின்ற ராஜம்மா. "பூ முன்னாடி தொங்குது பாரு."

மல்லிகைச் சரத்தின் ஒரு நுனி கேமராவுக்கு முன் ஆடிக்கொண்டிருந்தது. வெற்றி அதைக் கழற்ற, உத்தமன் முகம் சுருங்கியது. "சாமிக்கு வெச்சத எடுத்துட்டியேப்பா" என்று முனகினார். விளக்கு பச்சையானது, எல்லோரும் சிரித்தார்கள்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. வெற்றி கையை வைத்தான், சிவப்பு. ஜோதிகா வைத்தாள், சிவப்பு. எண்ணெய்க் கை, கையுறைக் கை, வேகமாக நுழைத்த கை, விரலை மடக்கிய கை, எல்லாவற்றுக்கும் சிவப்பு. உத்தமனே தன் மோதிரக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அட, மொதலாளின்னு பாக்க மாட்டேங்குதே" என்றார். தகட்டை மட்டும் வைத்தால் பச்சை. மிஷின் ஆபீஸ்காரர் தலையை ஆட்டினார். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் ஆபீஸ்காரரும் ஆட்டினார். ஜோதிகா மனதில் பெட்டி ஒன்றாம் தேதி ஓட ஆரம்பித்துவிட்டது.

"இந்த மிஷின்ல ஒண்ணாம் தேதி உட்காரப்போறது யார்?" என்றார் ஷோபனா.

வீராசாமி முன்னால் வந்தார். மகள் செய்த மிஷின் என்ற பெருமை முகத்தில் இருந்தது. துண்டுக்கு வெளியே இருந்த இடது கையை அச்சுகளுக்கு நடுவே வைத்தார். சிவப்பு.

"தகடு எந்தக் கையால வெப்பீங்க?"

"சோத்துக்கைதான் மேடம்."

"அப்ப அதை வைங்க."

வீராசாமி சுற்றிலும் பார்த்தார். துண்டு மெதுவாக விலகியது. வலது கை உள்ளே போனது.

பச்சை.

"எடுத்துட்டு வைங்க அங்கிள்" என்றான் வெற்றி. எடுத்துவிட்டு வைத்தார். பச்சை. உத்தமன் மல்லிகைப் பூ ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். வெற்றி கேமராவைச் சட்டை நுனியால் துடைத்தான். பெட்டியை அணைத்து மறுபடி போட்டான். இடது கை, சிவப்பு. வலது கை, பச்சை.

"லைட்டு மாறிடுச்சா ஜோ? நிழல் விழுதா? இன்னான்னே தெரியலயே!"

ஜோதிகாவுக்கும் தெரியவில்லை. மனசுக்குள் கணக்கெல்லாம் ஓடியது. வெளிச்சம் அதேதான், கோணம் அதேதான், இப்போதுதான் இடது கையைச் சரியாகச் சொன்னது. ஒன்பதாயிரம் படம். எங்கே போச்சு? குனிந்து லேப்டாப் திரையைப் பார்த்தாள். கேமரா பார்ப்பதெல்லாம் அங்கே தெரியும், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கட்டம் போட்டுப் பெயரும் எழுதும். நைனாவின் வலது கையைச் சுற்றியும் கட்டம் இருந்தது. அதன் மேல் எழுதியிருந்த பெயர்: தகடு.

அப்போதுதான் அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரல், சுண்டுவிரல், நடுவில் மூன்று விரல்கள் இருந்த இடத்தில் தட்டையாக, கிரீஸ் ஏறிக் கறுத்து, வெளிச்சத்தில் மினுங்கும் ஒரு விளிம்பு. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கையை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. நாற்பத்து மூன்று பேர் கையைக் கேட்டு வாங்கினாளே, நாகம்மாளிடம் போய்க் கெஞ்சினாளே, ஒரே வீட்டில் இருக்கிற இந்தக் கையைக் கேட்கத் தோன்றவில்லையே! ஒருநாள் மாடி அறைக்கு டீ கொண்டுவந்த நைனா, அம்மாவின் கையைப் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "என்னுது இன்னாத்துக்கு" என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதிதான். இப்போது அதை நினைத்து உடம்பு கூசியது.

"பெடலை மிதிங்க" என்றார் ஷோபனா, மெல்லிய குரலில்.

வீராசாமி மிதித்தார். பெடல் தடையே இல்லாமல் கீழே இறங்கியது. மோட்டார் ஓடியிருந்தால் பிரஸ்ஸும் இறங்கியிருக்கும்.

அவர் கையை வெளியே எடுத்தார், துண்டைப் போட்டார். "என் கையி அதுக்குத் தெரியல போல பாப்பா" என்று மகளுக்குச் சமாதானம் சொல்வது போலச் சொல்லிவிட்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார்.

ஷோபனா மற்றவர்களிடம் கேட்டார். "உங்க கையெல்லாம் நான் பார்க்கலாமா? கட்டாயம் இல்ல."

முதலில் ராஜம்மா நீட்டினாள். அவளுக்குச் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இல்லை. பிறகு ஒவ்வொருவராக. வீராசாமியையும் சேர்த்துப் பதினான்கு பேரில் ஐந்து பேருக்கு ஏதோ ஒன்று குறைந்திருந்தது. அந்த ஐந்து பேரில் நான்கு பேரின் கையைப் பெட்டி தகடு என்றது. ஒரு முறை அடிபட்டவர்களைத்தான் அது காப்பாற்றாது. உத்தமன் தன் பட்டறையைப் புதிதாகப் பார்ப்பவர் போல ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வேப்பமர நிழலில் ஜோதிகா நின்றாள். அழுகை வருமா, வராதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அவ்வளவுதானே மேடம்? மறுத்துட்டீங்கன்னு எழுதிடுங்க."

"எதுக்கு மறுக்கணும்?" என்றார் ஷோபனா.

"வேலை செய்யலயே."

"யாருக்கு வேலை செய்யலன்னு இன்னிக்குத் தெரிஞ்சுது. நாலு மாசம் முன்னாடி முதல் ஆபீஸ்லயே சீல் குத்திக் குடுத்திருந்தா எப்ப தெரிஞ்சிருக்கும்?"

அதற்குப் பதில் என்னவென்று இருவருக்கும் தெரியும். ஜோதிகா தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நான் பாஸா ஃபெயிலா மேடம்? அத்த மட்டும் சொல்லுங்க, எனக்கு ஒண்ணுமே புரியல."

"எனக்கும் அந்த மாதிரி ஒரு கட்டம் என் படிவத்துல இல்லம்மா" என்று சொல்லி ஷோபனா முதல்முறையாகச் சிரித்தார். பிறகு அங்கேயே, ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். பட்டறைக்குள் படம் எடுக்க இன்றே அனுமதி, சம்மதிக்கிறவர்களை மட்டும். இருபத்தெட்டாம் தேதி மறுசோதனை, புது விண்ணப்பம் தேவையில்லை. அதுவரை ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் யாரும் கையால் தகடு வைக்கக்கூடாது. இரண்டு ஆபீஸ்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்றதும், யார் மேலே போடுவது, யார் கீழே போடுவது என்று இருவரும் கொஞ்ச நேரம் தயங்கினார்கள். கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள்.

ஜோதிகா வாழ்க்கையில் வாங்கிய முதல் கவர்மெண்ட் பேப்பர் அது. அதில் சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. பட்டறையில் கேமராவோடு போய் நின்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அவளும் வெற்றியும் மாடி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் நைனா முகத்தை அவள் பார்க்கவில்லை. காலையில் அவர் எழுவதற்கு முன்பே கிளம்பி வந்துவிட்டாள். பதினோரு மணிக்கு இரும்புப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவர் சத்தமில்லை, நிறையப் பேர்.

வீராசாமி முன்னால் வந்தார். பின்னால் ராஜம்மா, இன்னும் மூன்று பேர். அறையில் நிற்க இடமில்லாமல் இருவர் படிக்கட்டிலேயே நின்றார்கள்.

"சனிக்கெழம அரை நாள் லீவு உட்டாரு மொதலாளி" என்றார் வீராசாமி. நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை எடுத்து மடித்து வெற்றி மடியில் வைத்தார். வலது கையைக் கேமராவுக்குக் கீழே, மேசைமேல் வைத்தார். "எடு."

"நைனா..."

"இன்னா நைனா? எடு பாப்பா. இவங்கல்லாம் வந்துகீறாங்க இல்ல."

அவள் ஒரு படம் எடுத்தாள். கை கொஞ்சம் சாய்ந்திருந்தது, கட்டைவிரல் கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. மற்றவர்கள் என்றால் "கையைத் திருப்புங்க" என்று சொல்லியிருப்பாள். இவரிடம் வாய் வரவில்லை. எழுந்து போய், அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, நேராகத் திருப்பி வைத்தாள். விளிம்பு சொரசொரப்பாக இருந்தது, நினைத்ததைவிடச் சூடாக இருந்தது. அந்த இடத்தை அவள் தொட்டது அதுதான் முதல்முறை.

"ஒங்கிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும் நைனா."

"நீ கேட்டிருந்தா நான் குடுத்துருக்க மாட்டேன்" என்றார் வீராசாமி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் குடுத்துருக்கணும்" என்றார்.

திரையில் கட்டம் விழுந்தது. தகடு என்று எழுதியிருந்தது. அவள் அந்தச் சொல்லை அழித்தாள். கை என்று அடித்தாள். அடுத்த படம். மறுபடியும் தகடு. அழித்து, கை என்று அடித்தாள்.

"எத்தினி தபா சொல்லணும் அதுக்கு?"

"ஆயிரம் தடவையாவது சொல்லணும்."

"சொல்லு, சொல்லு. நாங்க எங்க போவப் போறோம்" என்றாள் ராஜம்மா படிக்கட்டிலிருந்து.

இருபத்தெட்டாம் தேதி உத்தமன் பூவைப் பிரஸ்ஸின் பின்பக்கத்தில் கட்டியிருந்தார், எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் கேமராவுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து. இரண்டு ஆபீஸ்காரர்களோடும் வந்த ஷோபனா ஃபியூஸைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ராஜம்மா வைத்தாள், சிவப்பு. மற்ற மூவரும் வைத்தார்கள், சிவப்பு. ஜோதிகா திரையைப் பார்க்கவில்லை, விளக்கையும் பார்க்கவில்லை, நைனாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை உள்ளே போனது. பக்கத்தில் வெற்றி "ஹே!" என்று கத்தினான்.

சிவப்பு. வீராசாமி பெடலை மிதித்தார், அது அசையவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு ஏறி நின்றார், அப்போதும் அசையவில்லை. ஷோபனா முப்பது நாள் அனுமதியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஜோதிகா அதை வாங்கிப் படித்தாள். 'மேற்படி சாதனம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது பின்னர் முடிவு செய்யப்படும்' என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

"போதும் ஐயா, கையை எடுத்துக்கலாம்" என்றார் ஷோபனா.

வீராசாமி எடுக்கவில்லை. துண்டு எங்கேயோ கிடந்தது. பதினான்கு பேரும், முதலாளியும், மூன்று அதிகாரிகளும் பார்க்க, சிவப்பு விளக்குக்குக் கீழே அவருடைய வலது கை அப்படியே இருந்தது.

"இருக்கட்டும் மேடம்" என்றார். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."